பாடுவோம்னு பிரெஞ்சுல சொன்னா எங்க வெட்டுறது?

ஸ்கூல்ல பகுபத உறுப்பிலக்கணம் படிச்சிருப்பீங்க, பாடுவோம் = பாடு + வ் + ஓம், பகுதி, இடைநிலை, விகுதி. ஆனா வாய்விட்டு சொன்னா பா-டு-வோம்னுதான் வரும், இடைநிலை போய் விகுதியோட ஒட்டிக்கும்.

இதே வார்த்தைக்கு பிரெஞ்சுல 'ஷாந்தெரோன்'. ஷாந்த்னா பாடு, ர் எதிர்காலம், ஓன் 'நாம'ங்கிற விகுதி (கடைசி ன் தனியா ஒலிக்காது, மூக்கால வர்ற உயிர் அது). நடுவுல இருக்கற எ எழுத்துல இருக்கும், பேச்சுல பெரும்பாலும் விழுந்துடும், அதனால காதுல ஷான்-த்ரோன்னு ரெண்டே சிலபிள் (சொல்லும்போது பிரியற ஒலித்துண்டு). கவனிங்க, வெட்டு பகுதிக்கு உள்ளயே விழுது, பகுதியோட த் தாண்டிப்போய் ர் கூட சேர்ந்துடுச்சு! பழைய செய்யுள்ல மட்டும் அந்த எ-யையும் எண்ணணும், அங்க இது மூணு சிலபிள், 12 சிலபிள் அடி சரியா வரணும்னா இதை விடவே முடியாது.

இப்ப அந்த ர் எங்கேர்ந்து வந்துச்சு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. லத்தீன்ல 'காந்தாரே ஹாபேயோ', அதாவது 'எனக்குப் பாட இருக்கு'ன்னு ரெண்டு வார்த்தையா சொன்னது தேய்ஞ்சு ஒண்ணாகி 'ஷாந்த்ரே' ஆச்சு, பாடுவேன். காந்தாரேயோட ர்தான் இன்னைக்கு எதிர்கால இடைநிலையா நிக்குது.

விகுதிக்கு முன்னாடி ஒரு இ சேர்த்தா 'ஷாந்தெரியோன்', 'முடிஞ்சா பாடுவோம்'ங்கிற மாதிரி நிபந்தனை வந்துடும். அந்த இ இறந்தகால வடிவம் ஒண்ணுலேர்ந்து வந்தது, ஷாந்தியோன்னா பாடிட்டு இருந்தோம். எதிர்கால ர், இறந்தகால இ ரெண்டும் பக்கத்துல பக்கத்துல! இங்க எ விழாது, விழுந்தா த், ர், ய் (அந்த இ பேச்சுல ய் ஆயிடும்) மூணும் ஒண்ணா முட்டிக்கும், அதனால ஷான்-தெ-ரியோன்னு மூணு சிலபிள்.

நிகழ்காலத்துல வர்ற 'அவங்க'ங்கிற விகுதி இன்னும் விசேஷம், எழுத்துல மூணு எழுத்து, காதுல ஒண்ணுமே இல்ல. அவன் பாடுறான், அவங்க பாடுறாங்க ரெண்டும் 'இல் ஷாந்த்'தான். ஆனா வினை உயிர்ல தொடங்கினா வித்தியாசம் வரும்: அவன் நேசிக்கிறான் 'இ-லெம்', அவங்க நேசிக்கிறாங்க 'இல்-ஸெம்'. எழுதும்போது 'இல்'ங்கிற பிரதிப்பெயர் கடைசியில சும்மா கிடக்கற பன்மை ஸ், வினையோட முதல் சிலபிள்ல போய் உக்காந்து இங்கிலீஷ் z மாதிரி ஒலிக்குது.