ஓர் உறைக்கிணற்றின் கோடைக் கணக்கு

பங்குனி பிறந்ததும் சேலத்தில் கிணறு உள்ள வீடுகளுக்கு வந்து சேரும் முதல் ஆலோசனை, 'கிணற்றை மூடி வையுங்கள், வெயிலில் தண்ணீர் வற்றிவிடும்' என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் சாரமில்லை. ஐந்தடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் நீர்ப்பரப்பு இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இழப்பு 9 லிட்டர். ஒரு வாளி நிறையாது. நிழலும் ஈரக்காற்றும் தேங்கிக் கிடக்கும் ஆழத்தில் அவ்வளவும்கூட ஆகாது. மூடி வேண்டும்தான், கொசுவுக்காகவும், பாசிக்காகவும், எட்டிப் பார்க்கும் குழந்தைகளுக்காகவும்.

மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பத்து நிமிடம் யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். மணிக்கு 2,500 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதற்குள் 400 லிட்டருக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பிவிடும். வெயில் அதைக் குடிக்க ஒன்றரை மாதம் ஆகும்.

அப்படியானால் ஐப்பசியில் எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்த நீர், சித்திரையில் சேறாகிப் போவது ஏன்? காரணம் பாறை. சேலம் குன்றுகள் சூழ்ந்த ஊர்: வடக்கே நகரமலையும் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. அடியில் கிடப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப்பாறை. மணற்பாங்கான நிலத்தில் இருப்பதைப் போன்ற இடைவெளிகள் இதில் கிடையாது. மேலே பத்து, இருபது மீட்டர் வரை வெயிலும் மழையும் தின்று உளுத்துப்போன அடுக்கு. அதன் கீழே ஆங்காங்கே விரிசல்கள். இன்னும் ஆழம் போகப் போக அவையும் அருகிவிடும். உளுத்த அடுக்கிலிருந்து வடிந்து வரக்கூடிய நீர், அதன் கன அளவில் பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான்.

இந்தச் சின்ன எண்ணில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2 பங்கு என்று கொண்டால், வெறும் 20 மில்லிமீட்டர் நீர் மண்ணைத் தாண்டி நிலத்தடியைச் சேர்ந்தாலே மட்டம் 1 மீட்டர் ஏறிவிடும். நல்ல அடைமழைக்குப் பின் கிணறு 'பொங்கி' நிற்பதன் ரகசியம் இதுதான். இறங்கும்போதும் அதே வேகம். ஏற்காட்டில் மழை கூடுதல் என்றாலும், அங்கே சரிவு காரணமாக நிலத்தடி நீரில் ஒரு பகுதி ஊற்றுகளாக வெளியேறி ஓடைகளில் இறங்கிவிடுகிறது.

ஆகவே வீட்டுக்கிணற்றில் பார்க்க வேண்டியது ஆழத்தை அல்ல, நீர் வரத்தை, அதாவது ஊறி வரும் அளவை. நிலத்துக்குள் நீர் நகரும் வேகம் மட்ட வேறுபாட்டைப் பொறுத்தது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் காட்டினார். இறைத்தவுடன் கிணற்று மட்டத்துக்கும் சுற்றுப்பாறையின் நீர்மட்டத்துக்கும் வேறுபாடு அதிகம். அதனால் நீர் விறுவிறுவென்று ஏறுகிறது. மட்டம் நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊற்றுக்கண்ணுக்குக் கீழே நீரை எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கண்ணிலிருந்து வரும் அளவு கூடாது. ஒட்ட இறைப்பதால் கிடைப்பது கலங்கலும் சேறும், காற்றை இழுத்துச் சூடாகும் மோட்டாரும்தான். காலையில் பாதி, மாலையில் பாதி என்று இறைப்பது நல்லது.

வரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இரவு இறைத்து முடித்தவுடன் ஒரு முறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு முறை விட்டுப் பாருங்கள். ஐந்தடி உறையில் ஓர் அடி நீர் என்பது சுமார் 550 லிட்டர். இரவு முழுவதும் இரண்டடி ஏறினால் 1,100 லிட்டர் வந்திருக்கிறது. வாரம் ஒரு முறை காலண்டரில் குறித்து வைத்தால், மாசியிலேயே சித்திரை எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தோட்டத்துக்குக் குளியலறை நீரைத் திருப்புவதா, துணி துவைப்பதை வாரம் இரு முறை ஆக்குவதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். தண்ணீர் நின்ற பிறகு சிக்கனம் பேசிப் பயனில்லை.

வற்றியதும் கிணற்றை ஆழப்படுத்துவது நம் பக்கத்து வழக்கம். கெட்டிப்பாறையில் தோண்டினால், விரிசல் ஏதும் அகப்படாதவரை, நீர் தேங்கும் இடம்தான் பெரிதாகும், வரத்து கூடாது. உளுத்த அடுக்கில் பக்கவாட்டில் துளையிடுவது, அதாவது சைடு போர் போடுவது, சில இடங்களில் இதைவிடப் பலன் தரும். அதற்கும் முன், கிணறு உண்மையிலேயே வற்றிவிட்டதா என்று பாருங்கள். தரைமட்டத்தில் வைத்த சாதாரண மோட்டார் 7, 8 மீட்டருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சாது. நீரைக் குழாயில் மேலே தள்ளுவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில்கூட அதன் உச்சவரம்பு சுமார் 10.3 மீட்டர். மட்டம் அந்த 7, 8 மீட்டருக்குக் கீழே போனதும் மோட்டார் வெறுமனே ஓடும். கீழே தண்ணீர் இருக்கும்.

கோடைமழையை விட்டுவிடக் கூடாது. ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 2,300 லிட்டர். சேதாரம் போக 1,800 லிட்டராவது தேறும். நம் ஐந்தடி உறையில் அது மூன்றடிக்கு மேல். 2003இல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மாடியைப் பெருக்கிவிட்டு, முதல் சில நிமிட மழையை வெளியே விட்டு, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட வேண்டும். சேர்த்த நீர் மெல்லப் பாறைக்குள் கசியும் என்பதால், மாடித் தொட்டியையும் அன்றே நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

மட்டம் இறங்கிய கிணற்றில் அழுக்கு நீர்த்துப்போக வழியில்லை. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் போதும். ஆறடி நீர் நின்றால் சுமார் 8 கிராம். வாளி நீரில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும்.