ஆக்குபேஷனல் தெரபி படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? களப்பயிற்சியைப் பற்றி முதலில் கேளுங்கள்

நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அமெரிக்காவில் அதைப் படிக்க இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துவிட்டது, எதில் சேருவது என்று கேட்டு எனக்கு ஆண்டுதோறும் மின்னஞ்சல்கள் வருகின்றன. முதுநிலைப் பட்டமா, முனைவர் பட்டமா? தரவரிசையில் எது மேலே இருக்கிறது? பெரும்பாலும் இவைதான் கேள்விகள். நான் மறுவாழ்வுப் பிரிவில் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்பவள். களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வையிடுவதும் என் பொறுப்பு. அங்கிருந்து பார்க்கும்போது, இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போகிறது: உங்களைக் களப்பயிற்சிக்கு எங்கே, யாரிடம் அனுப்புவார்கள்?

பட்டத்தைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஏகோட் எனப்படும் அங்கீகார அமைப்பு இரண்டு பட்டங்களையும் தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பாக ஏற்கிறது. எதை முடித்தாலும் எழுத வேண்டியது தேசியச் சான்றளிப்பு வாரியமான என்.பி.சி.ஓ.டி. நடத்தும் அதே தேர்வுதான். அதன்பின் மாநிலம் தரும் உரிமமும் ஒன்றே. முதுநிலைக்கு ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள், முனைவர் படிப்புக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். கூடுதல் காலத்தின் முக்கியப் பகுதி, களப்பயிற்சி முடிந்தபின் வரும் 14 வார, அதாவது 560 மணி நேரத் தனித்திட்டம். ஆராய்ச்சி, கற்பித்தல், நிர்வாகம், புதிய சேவைகளை உருவாக்குதல் ஆகியவற்றில் உங்களுக்கு ஏற்கெனவே நாட்டம் இருந்தால் அது அருமையான வாய்ப்பு. நோயாளிகளோடு வேலை செய்வதுதான் ஆசை என்றால், அந்தக் கூடுதல் செலவுக்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் தேவைப்பட்டால், வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டம் பெறவும் வழி இருக்கிறது.

இங்கே ஒரு பழைய வதந்தியையும் சொல்லியாக வேண்டும். 2027ஆம் ஆண்டு ஜூலை முதல் முனைவர் பட்டம் மட்டுமே செல்லும் என்று 2017இல் ஏகோட் அறிவித்தது உண்மை. கடும் விவாதத்துக்குப்பின் 2019இல் அந்த முடிவு கைவிடப்பட்டு, இரண்டு வழிகளும் தொடரும் என்று ஆனது. ஆனால் முதுநிலை இனிச் செல்லாது என்ற பயத்தில் கூடுதல் கடன் வாங்கத் துணியும் பெற்றோரை இன்றும் சந்திக்கிறேன். அந்தப் பயத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை.

சரி, களப்பயிற்சிக்கு வருவோம். பக்கவாதத்துக்குப்பின் வலது கை செயலிழந்த ஒருவர், இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடப் பழக வேண்டும். அதற்கான உத்தியை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் அன்று காலை அவர் அழுதுகொண்டிருந்தால்? அவருடைய கவனம் ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்காவிட்டால்? பக்கத்தில் நிற்கும் மனைவி பொறுக்கமாட்டாமல் தானே பொத்தானைப் போட்டுவிட்டால்? இதையெல்லாம் கற்க, நோயாளியின் அருகில், அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பில், வாரக்கணக்கில் நின்றாக வேண்டும். வேறு வழி கிடையாது.

களப்பயிற்சி இரண்டு நிலைகளாக நடக்கிறது. இரண்டாம் நிலை எல்லோருக்கும் பொது: குறைந்தது 24 வாரங்கள் முழுநேரம், வழக்கமாக 12 வாரங்கள் வீதம் இரண்டு வெவ்வேறு இடங்களில். மேற்பார்வையிடுபவருக்குக் குறைந்தது ஓராண்டு தொழில் அனுபவம் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு தெரிவது முதல் நிலையில்தான். அதற்கு இத்தனை மணி நேரம் என்ற தேசிய வரையறை இல்லை. நடிகர்களை நோயாளிகளாக வைத்தோ, ஆய்வகத்தில் பாவனைச் சூழலை உருவாக்கியோ அதை முடிக்கவும் விதிகள் இடம் தருகின்றன. ஒரு பல்கலைக்கழகம் முதல் பருவத்திலேயே மாணவர்களை உண்மையான மனிதர்களிடம் அழைத்துச் செல்லும். இன்னொன்று பெரும்பகுதியைக் கணினித் திரையிலேயே முடித்துவிடும். காகிதத்தில் இரண்டும் சமம்.

என் பிரிவுக்கு வரும்போது அந்த வேறுபாடு முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும். நோயாளிகளோடு பழகி வந்தவர், அறைக்குள் நுழையுமுன் மருத்துவக் குறிப்பைப் படிப்பார். படுக்கையின் உயரத்தைச் சரிசெய்து, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியை எழுப்புவார். மற்றவர் அறிவில் குறைந்தவர் அல்லர். தேர்வில் அவரே அதிக மதிப்பெண் பெற்றிருக்கவும் கூடும். ஆனால் ஒரு மனிதரைத் தொடுவதற்கே தயங்குவார். அந்தத் தயக்கம் தீருவதற்குள் அவருடைய 12 வாரங்களில் நல்ல பகுதி கரைந்துவிடுகிறது. அது அவர் பிழையன்று என்பதால்தான் எனக்கு வருத்தம்.

இன்னொரு நெருக்கடி, பயிற்சி இடங்களுக்கான போட்டி. ஒரே ஊரில் உள்ள பல கல்லூரிகள் அதே மருத்துவமனைகளைத்தான் நாடுகின்றன. நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் இருப்பதாக விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அவற்றில் பல, கையெழுத்தோடு கோப்பில் உறங்குபவை. ஆகவே ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு எத்தனை இடங்கள் உண்மையில் மாணவர்களை எடுத்துக்கொண்டன என்று கேளுங்கள். எத்தனை பேர் வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தது? கடைசி நேரத்தில் ஒரு மருத்துவமனை மறுத்துவிட்டால் மாற்று ஏற்பாட்டை யார் செய்வார்கள்? அப்படித் தாமதமாகிப் பட்டம் தள்ளிப்போனவர்கள் உண்டா? குழந்தைகள் நலம், மனநலம், கை மறுவாழ்வு போன்ற துறைகளில் உங்களுக்கு விருப்பம் இருந்தால், அங்கே இடம் கிடைக்க என்ன வாய்ப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். களப்பயிற்சியை ஒருங்கிணைக்கவென்றே ஓர் ஆசிரியர் எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பார். சேர்க்கை அலுவலகத்தோடு நிறுத்திவிடாமல் அவரிடம் பேசுங்கள். தெளிவாக, எண்களோடு பதில் சொன்னால் அந்தக் கல்லூரிமேல் எனக்கு மதிப்புக் கூடும். மழுப்பினால், தரவரிசை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் யோசிக்கத்தான் சொல்வேன்.

தேர்ச்சி விகிதம் பொதுவெளியில் கிடைக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் முடிவையும் என்.பி.சி.ஓ.டி. தளத்தில் பார்க்கலாம். அதோடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். தடுமாறும் மாணவர்கள் இடையிலேயே வெளியேறிவிட்டால் தேர்ச்சி விகிதம் தானாக உயரும். தேர்ச்சி விகிதம் தொண்ணூறு விழுக்காட்டுக்குமேல் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஓரிரு விழுக்காட்டு வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

செலவைக் கணக்கிடும்போது ஒரு பருவக் கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். களப்பயிற்சிக் காலத்திலும் கல்லூரி கட்டணம் வாங்கும். பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. முழுநேரப் பயிற்சியோடு பகுதிநேர வேலை பார்ப்பதும் கடினம். வேறு ஊரில் பயிற்சி என்றால் இரண்டு வாடகை. கூட்டாட்சி அரசின் கடனை நம்பியிருப்பவர்கள், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸ் என்ற, இளநிலைக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான கடன் நிறுத்தப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொழிலில் நுழைந்தபின், கடன் சுமையால் தனக்குப் பிடித்த குழந்தைகள் நலப் பணியை விட்டுவிட்டு, கூடுதல் சம்பளம் தரும் இடத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மனம் கனக்கிறது.

புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால், ஏகோட் தளத்தில் அதன் நிலையைச் சரிபாருங்கள். நீங்கள் பட்டம் பெறும்போது அங்கீகாரம் முழுமையாகக் கிடைத்திராவிட்டால் தேர்வு எழுத முடியாது. இன்னொரு எச்சரிக்கை, வேறு நாட்டில் இத்துறையில் இளநிலை முடித்துவிட்டு வருபவர்களுக்கு. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கான மேற்படிப்புகளை ஏகோட் அங்கீகரிப்பதில்லை. அவற்றை முடித்ததாலேயே தேர்வு எழுதும் தகுதி வந்துவிடாது. வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை என்.பி.சி.ஓ.டி. தனியாகப் பரிசீலிக்கிறது. அந்த விதிகளைப் படித்துவிட்டுப் பிறகு கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள்.

இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அதைக் கட்டுவதற்குமுன், இப்போது இரண்டாம் நிலைக் களப்பயிற்சியில் இருக்கும் மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்து தரும்படி கல்லூரியிடம் கேளுங்கள். அந்த இடம் அவருக்கு எப்படிக் கிடைத்தது, எத்தனை வாரங்களுக்கு முன்னால் தெரிந்தது, சிக்கல் வந்தபோது கல்லூரியிலிருந்து யார் தொலைபேசியை எடுத்தார்கள் என்று அவரிடமே விசாரியுங்கள்.