சூரியப் பாய்க்கு எதற்கு டேபிள் ஃபேன்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போனாலும் இப்போது இது ஒன்று கட்டாயம் இருக்கிறது: தெர்மாகோல் விண்கலம், மேலே அலுமினியத் தாளில் ஒரு பாய், எதிரே டேபிள் ஃபேன். "சூரியக் காற்று தள்ளும் சார், பாய்மரக் கப்பல் மாதிரியே போகும்." போன வாரமும் இதேதான், முதல் பரிசும் இதற்கேதான். இயற்பியல் பாடம் நடத்துகிறவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சூரியப் பாய் என்பது விண்கலத்தை எரிபொருள் இல்லாமல் ஓட்ட விரிக்கும் பளபளப்பான மெல்லிய தாள். அதைத் தள்ளுவது காற்று இல்லை, சூரியக் காற்றும் இல்லை. சூரியக் காற்று என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதுதான் குழப்பத்துக்கே காரணம்; சூரியனிலிருந்து புரோட்டானும் எலக்ட்ரானுமாக (அணுவின் நுண்துகள்கள்) நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆனால் ரொம்ப மெலிசு, பூமி இருக்கும் தூரத்தில் அது தரும் அழுத்தம் ஒளி தருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வழக்கமாகத் தேறாது. தள்ளுவது ஒளி. அதுவும் அந்தத் தூரத்தில் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 9 மைக்ரோநியூட்டன்தான் (விசையின் அலகான நியூட்டனில் பத்து லட்சத்தில் 9 பங்கு)! ஜப்பான் 2010இல் அனுப்பிய இகாரோஸ் என்ற சூரியப் பாய்க் கலத்தின் பாய் பக்கத்துக்கு 14 மீட்டர், அவ்வளவு பெரிய பாய்க்குக் கிடைத்த விசை சுமார் 1.1 மில்லிநியூட்டன் (ஆயிரத்தில் ஒரு நியூட்டன் அளவு). அது வெள்ளிக் கோளைத் தாண்டியதைப் பாயின் சாதனை என்று சொல்லாதீர்கள், அந்தப் பாதையில் கொண்டுபோய் விட்டது ராக்கெட்.

அடுத்த தொல்லை, "அப்போ சூரியனை விட்டு விலகி மட்டும்தானே போகும்?" கப்பலை உதாரணம் சொல்கிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கப்பல் காற்றுக்கு எதிராகவும் கோணல்மாணலாக முன்னேறுகிறது என்றால், அடியில் இறங்கியிருக்கும் பலகை பக்கவாட்டில் நழுவவிடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால்தான். ஒகேனக்கல் பரிசலில் பாய் கட்டினால் (பேச்சுக்குச் சொல்கிறேன், கட்டிவிடாதீர்கள்) தட்டை அடி, பிடிமானம் கிடையாது, காற்றடித்த பக்கம் சுற்றிக்கொண்டே போகும். சூரியப் பாய்க்கும் தண்ணீர் இல்லை. ஆனால் சூரியனின் ஈர்ப்பு இருக்கிறது, கலமும் ஏற்கெனவே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாயைச் சாய்த்து, தள்ளலில் ஒரு பகுதியை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் சுற்றுப்பாதையின் ஆற்றல் குறையும், பாதை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சுருங்கும். மாற்றிச் சாய்த்தால் விரியும். அவ்வளவுதான், சூரியனை நோக்கியும் போகலாம்.

நம் நாட்டுக் கதையே இருக்கிறது, ஆசிரியர்கள் யாரும் சொல்வதில்லை. 1982இல் ஏவிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோளில் பாய் இருந்தது, பயணத்துக்கு அல்ல. ஒரு பக்கம் மட்டும் சூரியத் தகடு இருந்ததால் ஒளி அதைத் தள்ளிக் கோளையே திருப்பிவிடும், அதைச் சமன் செய்ய மறுபக்கம் பாய். அது விரியவே இல்லை, சில மாதங்களில் எரிபொருள் தீர்ந்து கோளும் போனது.

ரேடியோமீட்டரையும் (ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளபளப்பாக உள்ள தகடுகள் வெளிச்சம் பட்டால் கண்ணாடிக் குமிழுக்குள் சுற்றும் கருவி) சான்றாகத் தூக்கி வராதீர்கள். ஒளி தள்ளினால் பளபளப்பான பக்கம்தான் பின்வாங்க வேண்டும். அதில் பின்வாங்குவது கறுப்புப் பக்கம், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவின் வேலை அது.

சரி, பெற்றோருக்கு: முதலில் அந்த ஃபேனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மைதானத்து வெயிலில் ஃபாயிலை ஆட்டிக் காட்டவும் வேண்டாம், எதிரே நிற்கும் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கும். டார்ச் அடித்தால் தெர்மாகோல் நகராது, நகராமலே இருக்கட்டும். ஏன் நகரவில்லை என்று உங்கள் பிள்ளை அட்டையில் எழுதி வைக்கட்டும், நான் மதிப்பெண் போடுகிறேன்.