சூட்டில் அடங்கிய மரபணு

கோழிக்குக் கட்டி உண்டாக்கும் ரூஸ் சார்கோமா வைரஸைப் பெய்டன் ரூஸ் நியூயார்க்கில் 1911இல் அறிவித்தார். ஆனால் அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை ஆராய, கோழியை விட்டு வளர்ப்புத் தட்டுக்கு வர வேண்டியிருந்தது. 1958இல் ஹாரி ரூபினும் ஹோவர்ட் டெமினும் அதற்கு வழி கண்டார்கள். இயல்பான கோழிக்கரு செல்கள் தட்டில் பரந்து ஒட்டிக்கொண்டு, இடம் நிறைந்ததும் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ள, வைரஸ் புகுந்தவையோ உருண்டு திரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. இதுவே செல் உருமாற்றம். குவியல்களை எண்ணியே வைரஸின் அளவை அறியலாம்.

இந்த உருமாற்றம் வைரஸ் பெருகுவதால் நேரும் பக்கவிளைவா, அல்லது அதற்கெனத் தனி மரபணு உண்டா? 1970இல் பெர்க்கிலியில் ஸ்டீவன் மார்ட்டின் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. அவர் பிரித்தெடுத்த பிறழ்வு வைரஸ் 36 பாகை செல்சியஸில் செல்களை உருமாற்றியது. 41 பாகையில் அதே வைரஸ் தடையின்றிப் பெருகியும் செல்கள் இயல்பாகவே இருந்தன. (கோழியின் உடல்வெப்பமே ஏறத்தாழ 41 பாகை என்பதால், செல்கள் சூட்டில் நலிந்தன என்று சொல்ல இடமில்லை.) வெப்பத்தைக் குறைத்தால் உருமாற்றம் தோன்றும், கூட்டினால் மறையும். பிறழ்வினால் சற்றே நிலைகுலைந்த ஒரு புரதம் சூட்டில் செயலிழக்கிறது என்பதே இதன் பொருள். அந்தப் புரதம் வைரஸின் பெருக்கத்துக்குத் தேவையில்லை, ஆனால் செல்லை உருமாறிய நிலையில் வைத்திருக்க இடையறாது தேவை. ஒரு விளக்கை ஏற்றி அணைப்பதுபோல் எளிமையான இச்சோதனையே இத்துறையின் மிக அழகிய சோதனை என்பேன்.

உருமாற்றும் திறனை அறவே இழந்த வைரஸ்களின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. நீளத்தில் குறைந்திருந்ததைப் பீட்டர் டியூஸ்பெர்க்கும் பீட்டர் வோக்ட்டும் கண்டனர். விடுபட்ட அத்துண்டுக்குள் இருந்த மரபணுவே 'சார்க்' எனப் பெயர் பெற்றது. தானே பிழைப்பதற்கு உதவாத ஒரு மரபணுவை வைரஸ் ஏன் சுமக்கிறது? 1976இல் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் அத்துண்டுக்கு ஒத்த டி.என்.ஏ.வை நோயற்ற கோழி, காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகியவற்றின் செல்களிலேயே கண்டனர். வைரஸ் அதைப் பறவையிடமிருந்துதான் எடுத்திருந்தது.

சார்க் புரதம் மற்றப் புரதங்களின் டைரோசின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து, 'வளர்' என்னும் சமிக்ஞையைக் கடத்தும் நொதி. செல்லுக்கு உரிய சார்க்கின் வாலில் உள்ள ஒரு டைரோசினில் பாஸ்பேட் ஏறும்போது, வால் மடங்கிப் புரதத்தின் மீதே பூட்டாக அமர்ந்து அதை ஓய்வில் வைக்கிறது. வைரஸ் சுமக்கும் பிரதியில் அந்த வால்பகுதி இல்லை.