குறைமாதக் குழந்தையின் கண்: 30 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்

கண் பிரிவு வாசலில் 52 நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு. கடைசிப் பக்கத்தில், இரும்புச்சத்துச் சொட்டு மருந்துக்குக் கீழே, 'ஆர்ஓபி ஸ்கிரீனிங்' என்று இரண்டே வார்த்தை. அது என்னவென்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடலாம். அதுதான் ஆர்ஓபி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்மணி வெள்ளையாகத் தெரியும்போது பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

2013-இல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்த நோயும் உண்டு. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், வருமான வரம்பு கிடையாது.

34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். "இப்போ ரெண்டரை கிலோ ஆயிட்டானே" என்று விட்டுவிடுகிறார்கள். இப்போதைய எடை கணக்கே இல்லை. 34 வாரம் தாண்டியிருந்தாலும், ஆக்சிஜனில் இருந்த, ரத்தம் ஏற்றிய குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

30 நாளுக்குள் முதல் பரிசோதனை. இந்த 30 நாள் பிறந்த தேதியிலிருந்து ஓடுகிறது, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. மூன்று வாரம் ஐசியுவில் இருந்த குழந்தைக்கு மிச்சம் ஒன்பதே நாள். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் கீழே இருந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்புறம்தான் அலைச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் "விழித்திரை டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்" என்பார்கள். அதற்குள் ஒரு வாரம் போய்விடும். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே எங்கே, எந்தத் தேதியில், யாரிடம் என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிஇஐசி (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறியும் மையம்) எங்கே என்று கேளுங்கள். தனியாரில் பிறந்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாம். வழி தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள். ஆதாரில் பேர் ஏறட்டும், ரேஷன் கார்டில் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறந்த வாரமும் எடையும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டுதான் முக்கியம்.

"என்ன அவசரம்?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். 1996-இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யவில்லை. பார்வை போய்விட்டது. சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2015 ஆனது.

முதல் தடவை "நல்லா இருக்கு" என்றதும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை போக வேண்டும். லேசர் சிகிச்சை வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிய நேரம் பிடிக்கும். பரிசோதனைக்குச் சற்று முன்னால் பால் கொடுக்காதீர்கள், கக்கிவிடும். முடிந்ததும் கொடுக்கலாம்.