விண்ணோடி: ‘அஸ்ட்ரோநாட்’ என்பதற்கு நேர் தமிழ்

அஸ்ட்ரோநாட்டைத் தமிழில் ‘விண்வெளி வீரர்’ என்கிறோம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ‘வீரர்’ எங்கும் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரோன்’ என்றால் விண்மீன், ‘நௌதேஸ்’ என்றால் கப்பலில் போகிறவர். ரஷ்யரின் ‘காஸ்மோநாட்’ முன்பாதியை அண்டம் என்று மாற்றிக்கொண்டது. பின்பாதியில் அதே கப்பல்காரர்தான். இஸ்ரோவின் ‘ககன்யாத்ரி’ வானத்துப் பயணி.

தமிழில் நௌதேசுக்கு நேரான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கடலோடி. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பதில் வரும் ஓட்டம் கால் ஓட்டம் இல்லை, கல ஓட்டம். அதே வார்ப்பில் விண் + ஓடி. தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வந்தால் இரட்டும், ஆகவே விண்ணோடி. ‘விண்மாலுமி’ எனலாமே என்றால், மாலுமியே அரபியிலிருந்து வந்தவர்.

நாசா 1959-ல் எடுத்த முதல் ஏழு பேரும் ராணுவச் சோதனை விமானிகள். அவர்களுக்கு ‘வீரர்’ பொருந்தும். இன்றைய வேலைக்கு அந்தச் சொல் போதாது. நாசாவின் கிறிஸ்டினா கோக் மின்பொறியாளர். விண்வெளி அறிவியல் கருவிகள் செய்தவர், தென்துருவ நிலையத்தில் குளிர்காலத்தைக் கழித்தவர். 2013-ல் தேர்வானார், 2019 மார்ச்சில் கிளம்பி 328 நாள் சுற்றுப்பாதையில் இருந்தார். நாசாவின் 2024 அழைப்பு கேட்டதும் பெரும்பாலும் இதைத்தான்: அமெரிக்கக் குடியுரிமை, பொறியியல், அறிவியல் அல்லது கணிதத்தில் முதுகலை, அதற்குப் பின் 3 ஆண்டு தொழில் அனுபவம் (விமானி என்றால் தலைமை விமானியாக 1,000 மணி நேரம்), உடல்தகுதி.

தேர்வானபின் ஏறக்குறைய 2 ஆண்டுப் பயிற்சி. ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழக் குளத்தில், உடையில் எடையும் நுரைத்துண்டும் கட்டி, மிதக்கவும் மூழ்கவும் விடாமல் நிறுத்தி, விண்வெளி நிலையத்துக்கு வெளியே செய்யும் வேலையைப் பழக்குகிறார்கள். ஆனால் குளம் முழுக்க விண்வெளி போல இருக்காது. தலைகீழானால் ரத்தம் தலைக்கு ஏறும். தள்ளிய கருவியைத் தண்ணீர் தானே நிறுத்திவிடும். மேலே யாரும் நிறுத்த மாட்டார்கள்.

மேலே போனதும் கலத்தைப் பேணுவதுதான் பெரிய வேலை. பன்னாட்டு விண்வெளி நிலையம் சிறுநீரை வடித்துக் குடிநீராக்குகிறது. தொடங்கிய புதிதில் அந்த வடிகலன் அடைத்துக்கொண்டது. எடையற்ற நிலையில் எலும்பு கரைகிறது, அந்தக் கால்சியம் சிறுநீரில் மிகுதியாக வருகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு கூடிக் கால்சியம் சல்பேட்டாகப் படிந்தது. ஆக, குழாயில் உறைந்து நின்றது அங்கே வாழ்ந்தவர்களின் எலும்புச்சத்து! பிறகு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எலும்பைக் காக்க ஒவ்வொருவரும் தினம் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தூங்குமிடத்தில் காற்றாடியும் ஓட வேண்டும்: சூடான மூச்சு மேலெழும்பாது, விட்ட கரியமில வாயு முகத்தருகிலேயே தேங்கும்.

குழாய் அடைப்பையும் காற்றோட்டத்தையும் பார்த்துக்கொண்டு கலத்தை ஓட வைப்பவரைக் கடலோடியின் உறவாக அழைப்பதே முறை. ‘விண்வெளி வீரர்’ பிழை அன்று, பரவிவிட்ட வழக்கு. கட்டுரையில் முதல்முறை இரண்டையும் சேர்த்து எழுதினால் வாசகர் தடுமாற மாட்டார். இன்னொரு வசதி: வீரர், வீராங்கனை என்று பிரிக்க வேண்டியதில்லை. யூரி ககாரினும் விண்ணோடி, கல்பனா சாவ்லாவும் விண்ணோடி.