ஏறியவருக்கு இல்லாத வலி இறங்கியவருக்கு ஏன் வந்தது?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் ஞாயிறுதோறும் விடியுமுன் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை மலைச்சாலையில் நடந்து ஏறி, அங்கே தேநீர் குடித்துவிட்டு, பேருந்தில் திரும்புவது வழக்கமாம். ஒரு ஞாயிறன்று கணவர் தாமதமாக எழுந்ததால் பேருந்தில் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறார்; அதை ஈடுகட்டுவதற்காக, மனைவியைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் நடந்து இறங்கியிருக்கிறார். மூச்சு வாங்க ஏறியவர் மனைவி. வியர்க்காமல் இறங்கியவர் கணவர். ஆனால் திங்கள் மாலை தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டத் தொடங்கி, செவ்வாயன்று வாசற்படியில் இறங்கவே தடுமாறியவரும் கணவர்தான். மாமியார் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாராம்; கணவரோ லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று எலுமிச்சைச் சாறாகக் குடித்துத் தீர்த்தாராம். இவற்றில் எது சரி என்பது வாசகியின் கேள்வி.

இரண்டுமே சரியில்லை. லாக்டிக் அமிலக் கதையை முதலில் முடித்துவிடலாம். கடும் உழைப்பின்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும்; அது இரண்டு நாள் காத்திருந்து வலி தருவதில்லை. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியும் பின்னர் பெரிதாக வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறாமலேயே நன்றாக வலித்தது.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். சார்கோமியர் எனப்படும், ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அறைகள் தசையிழையில் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும் மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன. பற்றியதை விடுவதற்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும். மலையேறும்போது தொடையின் முன்பக்கத் தசை இவ்வாறு சுருங்கி, மடங்கிய முழங்காலை நிமிர்த்தி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதும் அதே தசைதான் உழைக்கிறது. ஆனால், சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. கிணற்றில் நிறைகுடத்தை இழுத்து ஏற்றுவது ஒன்று. அதே குடத்தைக் கயிறு கைநழுவாமல் மெல்ல மெல்ல இறக்குவது வேறொன்று.

லோயர் கேம்ப்பில் மலைமேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குவதை அந்தத் தம்பதி வாராவாரம் பார்த்திருப்பார்கள். பெரியாற்று நீர் உயரத்தில் சேர்த்துவைத்த ஆற்றலை அடிவாரத்துச் சுழலிகள் மின்சாரமாக்குகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது அவரும் ஏறத்தாழ 59 கிலோஜூல் ஆற்றலை எங்கேயாவது விட்டாக வேண்டும். நம் காலில் சுழலி இல்லாததால், அதில் பெரும்பகுதியைத் தசைகளே தடுத்து வாங்கி வெப்பமாக்குகின்றன.

தடுத்து வாங்குவது எவ்வளவு மலிவான வேலை என்பதை, 1952-இல் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைக் காலால் எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவருக்கும் விசை ஒன்றே. ஆனால் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, உருவில் சிறிய ஒரு பெண் வாட்டசாட்டமான ஓர் ஆணை எளிதாகக் களைக்க வைத்தார். உடலியக்க ஆய்வின் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி வேறில்லை.

காரணம் அந்த மயோசின் தலைகளில் இருக்கிறது. நீளும் தசையில், பற்றிய தலை தன் சுற்றை முடித்து ஏடிபியைச் செலவழித்து விடுபடுவதற்குள், வெளி விசை அதைப் பிய்த்துவிடுகிறது. பிய்ந்த தலை உடனே மீண்டும் பற்றுகிறது. எனவே ஒவ்வொரு தசையிழையும் சுருங்கும்போது இழுப்பதைவிட அதிக விசையைத் தாங்குகிறது. போதாததற்கு, 34,000 அமினோ அமிலங்களுக்கு மேல் கோத்த டைட்டின் என்ற மாபெரும் புரதமும் சுருள்வில்லைப் போல எதிர்க்கிறது. ஆகவே நரம்பு மண்டலம் சில இழைகளை மட்டும் வேலைக்கு அழைத்தால் போதும். மூச்சு வாங்காததன் இரகசியம் இதுதான். வலியின் விதையும் இதுதான். எடை முழுவதும் அந்தச் சில இழைகளின் மேல் விழுகிறது. அவற்றில் வலுக்குறைந்த சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு ஒழுங்கு குலைகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சேதத்தைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சி வேலை, வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. அது உச்சம் பெற ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு செவ்வாயன்று தீர்ந்தது. பின்னர் தானாகவே அடங்கும். மாமியார் சுற்றிப் போட்டதற்கும் அந்த நன்மதிப்பு கிடைத்திருக்கும். (சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.)

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் ஓடுபொறியில் ஏற்றப்படுவோர் பல்கலைக்கழக இளைஞர்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், ஈரச் சரிவுகளில் சுமையோடு இறங்கும் பெண்களின் தொடைத்தசையை முறையாக அளக்க, கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை. நிதி ஒதுக்குவோருக்கு அந்தச் சரிவு கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் நொண்டுவதில்லையே என்று கேட்கலாம். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்துடன் தாங்கிக்கொள்ளும். சரிவில் இறங்கி ஓடப் பழக்கிய எலிகளின் தொடைத்தசையில், ஏறி ஓடப் பழக்கியவற்றைவிட அதிகமான சார்கோமியர்கள் வரிசையில் சேர்ந்திருந்ததை 1994-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அறைகள் கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும். ஆகவே, வரும் ஞாயிறு இருவரும் குமுளியிலிருந்து நடந்தே இறங்கினால், இம்முறை வாசற்படியில் தடுமாறப்போவது எனக்குக் கடிதம் எழுதியவராகத்தான் இருக்கும்.